சம்பளம் 5 பவுண்டு, கிம்பளம் தனி

சேல்ஸ் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்தால் பையன் இன்சென்டிவ் எவ்வளவு என்று பார்ப்பான். அப்பா ஃபிக்ஸட் எவ்வளவு என்று பார்ப்பார். பெண் கேட்கப் போகிற இடத்தில் அவர் அதைத்தானே சொல்ல முடியும்?

ராபர்ட் கிளைவின் அப்பா என்ன சொல்லியிருப்பார், பாவம். 1744-ல் சென்னையில் வந்திறங்கிய பையனுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த ஃபிக்ஸட் 5 பவுண்டு. மாசத்துக்கு இல்லை சார், வருஷத்துக்கு! வருகிற வழியில் கப்பல் பிரேசிலில் ஒன்பது மாசம் மாட்டிக்கொண்டதில் கைக்காசும் காலி. வேலையில் சேருவதற்கு முன்னாலேயே கடனாளி.

கம்பெனி அவ்வளவு கஞ்சமா? கஞ்சம்தான், ஆனால் விவரமான கஞ்சம். “சம்பளம் பேருக்கு, சொந்த வியாபாரம் பண்ணி மிச்சத்தைத் தேற்றிக்கொள்” என்பதுதான் ஏற்பாடு. 1672-ல் வருஷத்துக்கு 10 பவுண்டுக்கு இதே சென்னைக் கோட்டைக்கு வந்த எலிஹு யேல் அப்படித் தேற்றியே வைர வியாபாரம் வரை போனார், கவர்னரும் ஆனார். 1692-ல் ஊழல் புகாரில் பதவி போயிற்று. பிற்காலத்தில் ஓர் அமெரிக்கக் காலேஜுக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகமும் அனுப்பினார். அவர்கள் காலேஜுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். நம் ஊரில் டியூப்லைட் உபயம் செய்தால் டியூப்லைட்டில்தான் பெயர் எழுதுவார்கள்.

கிளைவுக்கு வருவோம். ஆற்காட்டுக் கோட்டையை ஐம்பது நாள் தாக்குப்பிடித்த வீரர் என்று பாடப்புத்தகம் சொல்லும். சரி, வீரர்தான். ஆனால் மனுஷனுக்குக் காசு வந்தது கத்தியால் அல்ல, சோற்று மூட்டையால்! 1749-ல் அவருக்குக் கிடைத்த பதவி, படைக்குச் சாமான் சப்ளை. ஒவ்வொரு கான்ட்ராக்டிலும் கமிஷன். சிப்பாய்கள் சாப்பிடச் சாப்பிட இவருக்குப் பசி தீர்ந்தது. 1753-ல் சென்னைக் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் சர்ச்சில் கல்யாணம் முடித்து ஊருக்குக் கிளம்பும்போது கையில் சுமார் 40,000 பவுண்டு. அந்த 5 பவுண்டிலேயே சேர்த்திருந்தால் 8,000 வருஷம் ஆகியிருக்கும், டீகூடக் குடிக்காமல்.

மூத்த பிள்ளை, குடும்பச் சொத்தின் அடமானத்தைத் தீர்த்தார். நல்லது. அப்புறம் ஒரு காரியம் செய்தார் பாருங்கள்: எலெக்‌ஷனில் நின்றார்! தண்ணீராய்ச் செலவழித்து ஜெயித்தும்விட்டார். 1755-ல் பார்லிமென்ட் ‘அது செல்லாது’ என்றது. மறுபடியும் இந்தியாவுக்கே கப்பல் ஏறினார்.

இந்த முறை வங்காளம். 1757-ல் பிளாசியில் ஜெயித்து மீர் ஜாஃபரை நவாப் ஆக்கினார்; கைமாறு 2,34,000 பவுண்டு. அதோடு விட்டாரா? ‘ஜாகீர் இல்லாமல் நான் என்ன பிரபு’ என்கிற ஆதங்கம். கிடைத்தது, வருஷம் 27,000 பவுண்டு வருமானம் தரும் நிலம். விசேஷம் என்னவென்றால், அந்த நிலத்துக்குக் குத்தகை கட்டிக்கொண்டிருந்தது கம்பெனி! இதுவரை நவாபுக்குக் கட்டியதை இனி கிளைவுக்குக் கட்ட வேண்டும். வேலைக்காரனுக்கு முதலாளி வாடகை கொடுத்த கதையை வேறெங்காவது கேட்டதுண்டா?

கம்பெனி டைரக்டர்களுக்கு வயிறு எரிந்தது, நிறுத்திப் பார்த்தார்கள். அப்புறம் அவர் தயவு தேவைப்பட்டபோது, ‘இன்னும் பத்து வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். 1765-ல் வங்காளத்துக்குத் திரும்பி வந்தவர் அமல்படுத்திய உத்தரவு: ‘யாரும் அன்பளிப்பு வாங்கக் கூடாது!’ மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டு எழுந்தவர், அடுத்த பந்திக்குக் கஞ்சி பரிமாறினார்.

1773-ல் பார்லிமென்ட் கணக்குக் கேட்டது. கிளைவ் அசரவில்லை. கஜானாவில் இரண்டு பக்கமும் தங்கம் குவிந்திருக்க, தான் இவ்வளவு அடக்கமாக எடுத்ததை நினைத்தால் தனக்கே ஆச்சரியமாக இருக்கிறது என்ற ரீதியில் பேசினார்! தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான். கூட்டில் மிச்சம் வைத்ததற்குப் பாராட்டு விழா கேட்டவர் இவர் ஒருவர்தான். பார்லிமென்ட்டும் லேசுப்பட்டதில்லை. ‘பணம் வாங்கியது உண்மை, நாட்டுக்குப் பெரிய சேவை செய்ததும் உண்மை’ என்று இரண்டையும் தீர்மானமாக எழுதி வைத்தது.

1786-ல் கவர்னர் ஜெனரலாக வந்தார் கார்ன்வாலிஸ். அமெரிக்காவில் வாஷிங்டனிடம் தோற்றுவிட்டு வந்தவர், ஆனால் சம்பளக் கணக்கில் கெட்டி. ‘பட்டினி போட்டால் திருடத்தான் செய்வான்’ என்று கலெக்டர்களுக்கு மாசம் 1,500 ரூபாய் ஃபிக்ஸட் போட்டார். மேலே, வசூலாகும் வரியில் சுமார் 1 சதவீதம் கமிஷன். அட, பையனுக்கு வந்த அதே ஆஃபர் லெட்டர்! நம் மாவட்டங்களில் கலெக்டர் என்ற பெயர் இன்னமும் இருக்கிறது. அந்த 1 சதவீதம் எங்கே போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள்.