நாயுண்ணி மருத்துவத்தில் மஞ்சளின் இடப்பெயர்ச்சி: ஒரு முன்னாய்வு

நாயின் காதுமடலுக்குள் ஆமணக்கு முத்துப்போல் சாம்பல் நிறத்தில் ஊதிக் கிடக்கும் உண்ணியைத் தமிழ் ஆய்வுலகம் உரிய மரியாதையோடு நடத்தவில்லை. அக்குறை களையவே இக்கட்டுரை எழுந்தது.

நாயின் தோலில் குடியிருப்போரில் முக்கியமானவர் மூவர்: தெள்ளு, சொறிப்பூச்சி, உண்ணி. தெள்ளு தாவிவிடும். சொறிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. அதில் ஆய்வேடு எழுதுவோர் ஏற்கெனவே நிறைய இருக்கலாம். எஞ்சுவது உண்ணி. 1806இல் லத்ரேயி என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கு லத்தீனில் பெயர் சூட்டினார். இது பூச்சியே அன்று. சிலந்திக்கு உறவு, எட்டுக் கால். குஞ்சாயிருக்கையில் மட்டும் ஆறு. ஆயுளில் மூன்று முறை நாய்மேல் ஏறும், வயிறு முட்டக் குடிக்கும், இறங்கிவிடும். ஆய்வுச் சுருக்கம், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என மூன்று முறை மாணவனிடம் வருகை தரும் நெறியாளர்களோடு இதை ஒப்பிடுவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனி மருந்துகள். பூண்டு நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், தள்ளுக. கற்பூரம், புகையிலைத் தண்ணீர்: நஞ்சு. மண்ணெண்ணெய்: தோல் வெந்துபோகும். சீத்தாப்பழ விதைப்பொடி தலைப்பேனுக்குக் கேட்கும். கண்ணில் பட்டால் கண்ணுக்கே மோசம். ஆக, களத்தில் நிற்பவை வேப்பிலையும் மஞ்சளும்.

‘வேப்பிலை ஒரு கைப்பிடி, மஞ்சள் ஒரு துண்டு, மைய அரைத்துப் பூசி அரைமணி நேரம் ஊறவிடு’ என்பது மூலபாடம் (மேல்வீட்டு மாமி, வாய்மொழி, மொட்டைமாடி). ‘ஒரு மணி நேரம்’ என்று பாடபேதமும் உண்டு (அதே மாமி, திருத்திய பதிப்பு, தூறல் வந்ததால் பாதியில் நின்றது). ‘மஞ்சளே கூடாது, வசம்புதான்’ என்பது எதிர்க்கட்சி (பெரியப்பா, பந்தி உரைகள், ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட பகுதி, ஆனால் காண்க: அதே பெரியப்பா, அதே பந்தி, பாயசத்துக்குப் பின், அங்கே வசம்பையும் மறுத்து, நாய் வளர்ப்பதையே மறுக்கிறார்). உரையாசிரியர் இருவரும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர்: பூசப்பட்ட நாய் உதறும்.

உதறல் மூக்கில் தொடங்கும். காதுகள் சடசடவென அடித்துக்கொள்ளும். இக்கட்டத்தில் மஞ்சள் தினசரிக் காலண்டரை அடைகிறது, ராகுகாலம் மறைகிறது. பிறகு தோள், முதுகு எனத் தோலே கழன்று சுழல்வதுபோல் அலை நகரும். ஆய்வாளரின் வேட்டி இப்பருவத்துக்குரியது. கடைசியில் வால். வால் உதறுவதில்லை, எழுதுகிறது: சுவரில் முழங்கால் உயரத்தில், சாய்வாக, விட்டுவிட்டு மஞ்சள் கோடுகள். ஆய்வுக்குட்பட்ட நாய் வெள்ளை ராஜபாளையம். உதறி முடித்ததும் அது மறுபடி வெள்ளையாகவே நின்றது. மருந்து முழுவதும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இதைத் தோல்வி என்பார் மேலோட்டமாகப் படித்தவர். ரத்தம் குடித்து முடித்த பெண்ணுண்ணி நாயிலா தங்குகிறது? கீழே விழுந்து, சுவரேறி, விரிசலுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. மஞ்சள் போனதும் சுவருக்கு. உண்ணி போவதும் சுவருக்கு. எனவே நம் முன்னோர் சுவருக்குத்தான் மருந்து வகுத்தனர், நாய் அதைப் பூசும் மட்டை மாத்திரமே என்பது இக்கட்டுரையின் துணிபு. இதற்கு ஓலைச்சுவடிச் சான்று இல்லையே எனலாம். சுவடியைக் கரையான் அரித்தது. எந்தச் சுவடி என்று கேட்பது பண்பாடன்று.

அன்று மாலையே உண்ணியொன்று மஞ்சள் கோட்டின்மேல் நடந்து, சற்று நின்று, மேலே போனது பதிவாகியுள்ளது. இது புறநடை. புறநடை இல்லாத நூற்பா எங்கே இருக்கிறது?

கால்நடை மருத்துவர் ஒருவரையும் அணுகினோம். “இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. எடைக்குத் தக்க மாத்திரை தர்றேன். சுவத்து விரிசலைப் பூசிடுங்க” என்று முடித்துக்கொண்டார். மேற்கோள் ஒன்றுகூடக் காட்டாததால் அவர் கருத்து ஏற்கப்படவில்லை.