குழலும் குண்டும்: பத்துப் பொருத்தம் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஏர் ரைஃபிளுக்குத் துல்லியமான ஸ்லக் எது? இவ்வினாவுக்கு விடை தேடிச் செலவழிந்த ஈயத்தின் எடையை எவரும் கணக்கிட்டதில்லை. கணக்கிட்டால் குடும்பத்தில் அமைதி கெடும் என்பதே காரணமாகலாம்.

ஸ்லக் என்பது யாது? இடை சிறுத்து, பின்புறம் உள்ளீடற்ற பாவாடையாக விரிந்திருப்பது பெல்லட். அவ்வாறன்றி உருளையான கெட்டி உடலும், பெரும்பாலும் குழிந்த மூக்கும் கொண்டது ஸ்லக். பெல்லட்டின் பாவாடை காற்றில் இழுபட்டு அதை நேராக வைத்திருக்கும். ஸ்லக்குக்கு அந்தத் துணை இல்லை. குழலின் உட்சுவரிலுள்ள சுருள்வரிகள் தரும் சுழற்சியே அதற்குக் கதி. சுழற்சி சரியாக அமைந்தால் பெல்லட்டைவிடக் குறைவாகவே வேகம் இழக்கும், பக்கக் காற்றுக்கும் குறைவாகவே விலகும். அமையாவிட்டால் தலைகுப்புறப் புரளும்.

பக்கத்து வீட்டுக்காரர் ரைஃபிளில் ஒரே துளையில் ஐந்து குண்டு போட்ட அதே டப்பா, அதே மாடல் ரைஃபிள் வைத்திருக்கும் நம்மிடம் வந்ததும் அட்டையெங்கும் புள்ளிக்கோலம் போடுகிறது. ஆகவே துல்லியம் குண்டின் குணமும் அன்று, குழலின் குணமும் அன்று. இரண்டுக்கும் இடையிலான பொருத்தத்தின் குணம் என்பது இவ்வாய்வின் துணிபு. பொருத்தம் பார்ப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சாத்திரம் இருக்கையில் புதிதாக ஒன்றை உருவாக்குவது வீண்.

2. முன்னோர் கொள்கை

இத்துறையின் மூலவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் பீரங்கியியல் பற்றிய நூலை வெளியிட்டவர். ஊசல் ஒன்றின்மீது சுட்டு, அது ஆடிய அளவைக்கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர். சுழலும் குண்டு பக்கவாட்டில் வளைந்து செல்லும் என்பதை நிறுவ, துப்பாக்கிக் குழலையே வேண்டுமென்று வளைத்துச் சுட்டுக் காட்டினார். இன்றைய ஆர்வலர் குழலைத் துடைக்கவே பட்டுத்துணி தேடுபவர். இத்தகைய அறிவுத்துணிவை அவரிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்த ராபின்ஸ், 1751-இல் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 2019-ஆம் ஆண்டு ரியோ உலகக் கோப்பைத் தங்கத்தை வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்ததும் கடலூரே. எனவே துல்லியத்துக்கும் கடலூர் மண்ணுக்கும் தொடர்புண்டு என்க. இரண்டே சான்றை வைத்து இப்படி முடிவு கட்டலாமோ எனின், மூன்று குண்டு சுட்டு ஒரு ஸ்லக்கின் தலைவிதியை எழுதும் துறையில் இரண்டு சான்று தாராளம்.

3. பொருத்த இலக்கணம்

பத்தும் பார்க்க இடமில்லாமையால் இன்றியமையாத ஐந்து மட்டும் ஈண்டு விளக்கப்படும்.

கணப் பொருத்தம்: இது விட்டம் பற்றியது. 5.5 மி.மீ. என்று பொதுவாகச் சொல்லப்படும் ஸ்லக், கடையில் 0.217 அங்குலம், 0.218 அங்குலம் எனத் தனித்தனியே விற்கப்படுகிறது. இடைப்பட்ட வேறுபாடு 0.025 மி.மீ.; தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சிறுத்தால் காற்றுக் கசியும், வரியும் சரியாகப் பிடிக்காது. பருத்தால் உள்ளே தள்ளுவதற்கே கட்டைவிரல் நோகும். போட்டியாளர்கள் சுடும் 4.5 மி.மீ. பெல்லட்டிலும் 4.49, 4.50, 4.51 என்று டப்பாவில் பிரிவினை உண்டு. அவர்களுடைய பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ. என்பதை எண்ணினால் அது மிகையாகத் தோன்றாது.

ரஜ்ஜுப் பொருத்தம்: இது தட்டினால் மற்றவை எல்லாம் இருந்தும் பயனில்லை. குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றக் குழலில் எவ்வளவு தூரம் எடுக்கிறது என்பதே இங்குக் கேள்வி. 1879-இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதர் இதற்கொரு சூத்திரம் தந்தார்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்கவும். 5.5 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. நீளமும் உள்ள ஸ்லக்குக்கு ஏறத்தாழ 454 மி.மீ.க்கு ஒரு சுற்று போதும். நீளம் 12 மி.மீ. ஆனாலோ 378 மி.மீ.க்குள் ஒரு சுற்று வேண்டும். பெல்லட்டுக்கென 450 மி.மீ. சுற்றில் வரியிட்ட குழலில் இந்த நீண்ட ஸ்லக்கைச் செலுத்திவிட்டு, "கம்பெனி சரியில்லை" என்பார் பலர். ஜாதகத்தைப் பார்க்காமல் சம்பந்தியைக் குறை கூறுதல் இதுவே.

வேதைப் பொருத்தம்: பெல்லட்டுக்கான குழல்கள் பலவற்றின் வாய்ப்புறம் சற்றே ஒடுக்கப்பட்டிருக்கும், சோக் என்பர். பெல்லட்டின் மெல்லிய பாவாடை அதில் இணங்கிப் போகும். ஸ்லக்கின் கெட்டி உடம்பு நசுங்கி வெளிவரும். வந்தபின் பழைய குணத்தோடு இராது.

வசியப் பொருத்தம்: குண்டுகளைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசும் சடங்கு. துல்லியம் கூடுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பூசுபவர் முகத்தில் தெளிவு கூடுவதில் வேறுபாடு இல்லை.

தினப் பொருத்தம்: ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். அதை நெருங்கும் ஸ்லக் தடுமாறக்கூடும் என்பதால் 260 முதல் 290 மீட்டருக்குள் நிறுத்துவோர் மிகுதி. வேகம் அடங்கினாலும் காற்று அடங்க வேண்டும். காற்று அடங்கும் நாளில் விருந்தாளி வருவார் என்பது களத்தோர் வழக்கு.

4. ஆய்வுமுறையும் அதன் ஒழுக்கமும்

50 மீட்டரில் அட்டை நட்டு, ஒவ்வொரு வகையிலும் பத்துக் குண்டு சுட்டு, ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் விழுந்த இரண்டின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை (குரூப்பிங்) அளத்தல் முறை. நடைமுறை வேறு. மூன்று சுட்டு அவை நெருங்கி விழுந்தால் உடனே நிறுத்திப் படம் எடுப்பர். நான்காவது விலகினால் அதற்கு "ஃபிளையர்" என்று பெயரிட்டுக் கணக்கிலிருந்து தள்ளிவைப்பர். குண்டுகள் கூடக்கூடக் குரூப்பிங் விரியுமேயன்றிச் சுருங்காது. ஆகவே மூன்றில் நிறுத்துவோர் ஸ்லக்கை அளக்கவில்லை, தம் அதிர்ஷ்டத்தை அளக்கிறார்கள் என்று கொள்க.

5. மறுப்பு

"பொருத்தம் அனைத்தும் இருந்தும் குறி தப்புகிறதே, அஃது எங்ஙனம்?" எனின், இரு ஜாதகத்தையும் பார்த்த நாம் தரகருடையதைப் பார்க்கவில்லை. விசையை இழுக்கும் விரலும், இழுக்கையில் நிற்காத மூச்சும், இழுத்தவுடன் எட்டிப் பார்க்கும் கழுத்தும் அவருடையவை. குண்டு வாய் திறவாது, குழலும் பேசாது. பேச வல்லவர் ஒருவரே ஆதலால் தீர்ப்பும் எப்போதும் அவருக்குச் சாதகமாகவே வருகிறது.

6. பரிந்துரைகள்

முதலில் குழலின் சுற்றை அறிக. பின்பே நீளமும் எடையும் தேர்க. வெவ்வேறு விட்டத்தில் சிறு டப்பாக்களாக வாங்குக. பொருந்திய ஸ்லக் கிடைத்துவிட்டால் அதே பேட்ச் எண்ணில் கையில் உள்ள பணத்துக்கெல்லாம் வாங்கி வைக்க. அடுத்த பேட்ச் அதே பெயரில் வேறொருவராக வரக்கூடும். கடைசியாக, ரைஃபிளை இடுக்கியில் இறுக்கி, கை படாமல் பத்துக் குண்டு சுட்டுப் பார்க்க. குரூப்பிங் சட்டென்று சுருங்கினால் ஸ்லக் நிரபராதி. இந்தச் சோதனையை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளில் செய்தல் நலம்.