தேதியைத் தேடும் பாட்டிகள்

மாத்திரை அட்டையை வடிவமைத்த மகானைப் பார்த்தால் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட வேண்டும். கம்பெனி பிராண்டின் பெயர் நீலத்திலும் சிவப்பிலும் பத்து இடத்தில் பளிச்சிடும். காலாவதித் தேதி மட்டும் ஒரே ஓரத்தில், சொட்டு மை இல்லாமல், வெள்ளித் தாளில் குத்திய வெறும் தழும்பாக இருக்கும். ஜன்னலோரம் போய், வெயிலுக்குச் சாய்த்து, விரலால் தடவினால் ஓர் எண் தட்டுப்படும். அது ஆறா எட்டா என்பது அவரவர் தலையெழுத்து.

லேபிளில் உள்ள விவரம் பார்த்தவுடன் கண்ணில் படவேண்டும் என்கின்றன 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள். யாருடைய கண்ணில் என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள், பாவம். இந்த நாட்டில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுவது கழுகுப் பார்வை கொண்ட இருபது வயதுக்காரர்கள்தானே! கண்புரை வந்த பாட்டிக்கு எதற்குத் தேதி?

அடுத்து மருந்துக்கடைக் கத்தரிக்கோல். நாலு மாத்திரைதான் வாங்கக் காசு இருக்கிறது என்றால், நறுக்கென்று வெட்டித் தருவார்கள். தேதி இருந்த மூலை முந்தின ஆளோடு போயிருக்கும்.

"தேதி எங்கப்பா இருக்கு?"

"எல்லாம் புது ஸ்டாக்தான் பாட்டி, பயப்படாம போடுங்க."

அரசு சும்மா இருக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளுக்கு பார்கோடோ க்யூஆர் குறியீடோ கட்டாயம். தேதி அந்தக் கட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. எழுத்து தெரியாத கண்ணுக்குப் புள்ளிக் கட்டத்தைக் கொடுத்த மூளையை என்ன சொல்ல? ஸ்மார்ட்போனும் டேட்டாவும் ஒரு பேரனும் மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரப்படுமா?

அமெரிக்காவில் டெபோரா ஆட்லர் என்ற மாணவியின் பாட்டி, தாத்தாவின் மாத்திரையைத் தவறுதலாக விழுங்கிவிட்டார். ஆட்லர் மருந்துக்குப்பியையே மாற்றி வரைந்தார்: தட்டையான முகம், பெரிய எழுத்தில் மருந்தின் பெயர், வீட்டில் ஆளுக்கொரு நிற வளையம். 2005-இல் டார்கெட் கடைகள் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. பத்தாண்டு கழித்து டார்கெட்டின் மருந்தகங்களை சிவிஎஸ் நிறுவனம் வாங்கியது. பழைய உருளைக் குப்பியே திரும்பி வந்தது. லாபக் கணக்கில் பாட்டிகள் எங்கேயும் வருவதில்லை.

ஐயா கம்பெனிக்காரரே, பிராண்டின் பெயரைப் பத்துத் தடவை அடிக்கிற மையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் தேதியைக் கறுப்பில் அடியும். அதுவரை வாசகரே, நாலு மாத்திரை வாங்கினாலும் பில் கேளுங்கள். காலாவதித் தேதி அதிலாவது கண்ணுக்குத் தெரியும்.