மார்கழியில் கார் கிளம்பாமல் இருக்க

சோக் வைத்த பழைய மாருதி எண்ணூறு வைத்திருக்கிறீர்களா? விடியற்காலையில் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகித் தொலைக்கிறதா? கீழே உள்ளபடி செய்யுங்கள். பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்ததுதான்.

1. எடுத்த எடுப்பில் பழியைக் குளிர்மேல் போடுங்கள். தர்மபுரியில் மார்கழி விடியல் 16, 17 டிகிரி இருக்கும். லடாக்கில் மைனஸிலேயே வண்டி ஓடுகிறதே என்று யாராவது கேட்டால், வத்தல்மலைப் பக்கம் கையைக் காட்டுங்கள். "அங்கிருந்து இறங்குற பனி சார், உங்களுக்குத் தெரியாது."

2. பேட்டரியை வாங்கிய அன்றே மறந்துவிடுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 12-க்குக் கீழே இறங்கட்டும். குளிரில் பேட்டரியின் ரசாயன வினை மந்தமாகும். எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டு, செல்ஃபுக்குச் சுமை கூடும். கொடுப்பவன் கை சுருங்கும் நேரம் பார்த்துக் கேட்பவன் கை நீளும். இந்த முகூர்த்தத்தைத் தவறவிடாதீர்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி ஒரு டம்ளர் வெந்நீருக்குக் கரைந்துவிடும். அந்த வெந்நீரில் காபி போடுங்கள்.

3. ஹெட்லைட், வைப்பர், பக்திப் பாடல், மூன்றையும் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

4. இப்போது சோக். இழுத்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும். குளிர்ந்த எஞ்சின் கேட்பது அதைத்தான். அளவோடு இழுப்பது நம் வழக்கமில்லை. முழுக்க இழுத்து, கூடவே ஆக்ஸிலரேட்டரையும் தையல் மெஷின்போல மிதியுங்கள். பிளக் நனையும், பெட்ரோல் வாடை சமையலறை வரை போகும். இந்த நேரத்தில் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தியபடி செல்ஃப் அடித்தால் வண்டி கிளம்பிவிடும் அபாயம் உண்டு. எனவே சோக்கை இன்னும் கொஞ்சம் இழுக்க முடிகிறதா பாருங்கள்.

5. ஐந்து விநாடி செல்ஃப் அடித்து, அரை நிமிடம் விட வேண்டுமாம். பொறுமைசாலிகள் பேச்சு. கருகல் வாசனை வரும் வரை சாவியை விடாதீர்கள். பிறகு "டிக்" என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும். அதுவும் நின்றால் அடுத்த கட்டத்துக்குத் தயார்.

6. தெருவில் குல்லா போட்ட ஆண்கள் எல்லோரையும் தள்ளக் கூப்பிடுங்கள். மச்சான் வந்திருந்தால் அவரே முன்னணி. வண்டியை இரண்டாவது கியரில் போட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை விட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அதெல்லாம் கச்சிதமாகச் செய்யுங்கள். சாவியை மட்டும் ஆன் செய்யாதீர்கள். தெருமுனை வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

7. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட வாய்ப்பு வந்தால் மறுத்துவிடுங்கள். கடைசிக் கறுப்பு கிளிப்பைச் செத்த பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் உடம்பில் மாட்ட வேண்டும், பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பொறிபட்டால் வெடிக்கும் என்றெல்லாம் விஷயம் தெரிந்த ஒருவர் வந்துவிடுவார். தெரிந்தவர்கள் தெருவுக்கு ஆகாது.

8. இவ்வளவுக்கும் மீறி ஸ்டார்ட் ஆகிவிட்டதா? சோர்ந்துவிடாதீர்கள். பென்னாகரம் வரை போய்வந்தால் பேட்டரி ஓரளவு சார்ஜ் ஏறிவிடும். அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். தெருமுனை டீக்கடை வரை ஓட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, தள்ளியவர்களுக்கெல்லாம் டீ சொல்லுங்கள். திரும்பி வரவும் ஆள் வேண்டும்.