கசப்பு நீக்கவியல்: பழைய வண்ணாரப்பேட்டை ஆயாக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

நிலவேம்பு கசக்கும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். கசக்கத்தான் செய்கிறது என்பது இவ்வாய்வின் முடிவு. இடையில் வருவன வெறும் பக்க நிரப்பிகளோ எனச் சிலர் ஐயுறலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டிப் பழகியோர் ஐயுறார்.

ஆய்வுக் களம் பழைய வண்ணாரப்பேட்டை. வடக்கு எல்லை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், தெற்கு எல்லை ஸ்டான்லி ஆஸ்பத்திரி மதில், கிழக்கு எல்லை ராயபுரம். மேற்கு எல்லையை ஆய்வாளரின் முழங்கால் வலி தீர்மானித்தது. எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடி நடக்கும் வாரங்கள் விலக்கப்பட்டன. அப்போது எந்த வீட்டிலும் தகவலாளி இருப்பதில்லை. ஆய்வாளர் நோக்குநராக மட்டுமே இருந்தார், கசாய டம்ளரைத் தொடவில்லை. புறவயத் தன்மைக்கு இது இன்றியமையாதது.

2012இல் டெங்கு பரவியபோது அரசே முன்னின்று வழங்கியதிலிருந்து நிலவேம்புக் குடிநீர் இப்பகுதியின் பொதுச்சொத்து. பெயரில் ஒன்றுதான் தெரியும். உள்ளே இருப்பவை 9: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. 2020இல் கொரோனாவோடு வந்த கபசுரக் குடிநீரில் 15. கசப்பின் தலைமைப் பொறுப்பு நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராபோலைடிடம் இருக்கிறது. மற்ற சரக்குகள் அதை எதிர்த்து நின்று தோற்றவை. பேய்ப்புடலோ முதல் நாளே கட்சி மாறிவிட்டது.

முன்னாய்வுகளைப் போற்றுவது மரபு. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் பலர். 1901இல் ஹெனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் விளிம்பில் இடத்துக்கு இடம் சின்னஞ்சிறு வேறுபாடு கண்டார். 1942இல் எட்வின் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் அதைத் தம் நூலில் வரைந்து காட்டிய விதத்தில் அந்தச் சின்ன வேறுபாடு மாவட்ட எல்லைபோல் ஆகிவிட்டது. பிறகு அந்த நூலைப் பார்த்து இந்த நூல், இந்த நூலைப் பார்த்துப் பள்ளிப் புத்தகம். எல்லாச் சுவையும் நாக்கெங்கும் தெரியும் என்பதைக் கண்டறிய ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கண்ணாடியும் போதும். ஆனால் அறிஞருக்குத் தம் நாக்கைவிடப் பிறர் மேற்கோள் நெருக்கம். எதிர்வீட்டு ஆயா அந்தப் படத்தைப் பார்த்தவரில்லை. கசாயச் சங்கை நடு நாக்கிலேயே கவிழ்க்கிறார் (எதிர்வீட்டு ஆயா, நேர்காணல், குழாயடி).

இனிச் சுவைமாற்றிகள். தேனுக்கும் பாலுக்கும் நெய்க்கும் சித்த மருத்துவம் அனுபானம் என்று ஓர் இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே தேன் கேட்பது சலுகையன்று, சாஸ்திரம் என வாதிடும் பேரன்கள் உளர்.

அடுத்தது உப்பு. பாகற்காய்: உப்பில் பிசிறிப் பிழிக.

அந்த உப்பு ஏன் வேலை செய்கிறது என்பதை 1997இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு விளக்கியது. சோடியம் கசப்பை அமுக்குகிறது. அமுங்கியதும் அடியில் கிடந்த இனிப்பு தலைகாட்டுகிறது. வண்ணாரப்பேட்டையில் போரிங் தண்ணீரே (மேற்படி அறிஞருக்கு உறவில்லை) உப்புக் கரிக்கும். அதில் காய்ச்சிய கசாயத்தையும் லாரித் தண்ணீரில் காய்ச்சியதையும் ஒப்பிடும் பணி தொடங்கியது. லாரி வராததால் பாதி நிலுவையில் உள்ளது (மூன்றாம் மாடி அத்தை, காலிக் குடங்கள் சூழ ஆற்றிய உரை, அச்சேறத் தகாத பகுதிகள் நீங்கலாக).

மூக்கைப் பிடித்தல் பரவலான முறை, பயனற்றது. மூக்கை அடைத்தால் மணம் போகும். கசப்பு நாக்கின் இலாகா. அங்கே அதை வாங்கி வைக்கவே சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. மூக்கைப் பிடிப்பதன் மெய்ப்பயன் வேறு: பையன் வாயைத் திறந்தாக வேண்டும்.

இவை அனைத்தையும் விஞ்சிய சுவைமாற்றி பொய். இதை இதுவரை எவரும் ஆராயாதது தமிழ் ஆய்வுலகின் பெருங்குறை (இப்படி எழுதாத ஆய்வேடு இல்லை என்பதால் இங்கும் எழுதப்படுகிறது). கசாயப் பொய் நான்கு வகைப்படும். ஐந்து என்பாரும் உளர். அவர்கள் வேறு நெறியாளரின் மாணவர்கள்.

முதல்வகை முழுப்பொய்: "கசக்கவே கசக்காதுடா கண்ணு." ஒரு குழந்தையிடம் ஒருமுறைதான் செல்லும். அடுத்தது அளவைப் பொய்: "ஒரே மடக்குதான்." மடக்கின் கொள்ளளவு ஊற்றுபவருக்கு ஒன்று, விழுங்குபவருக்கு வேறு (எதிர்வீட்டு ஆயா, மேலது, குரல் உயர்த்தி). மூன்றாவது சான்றுப் பொய்: "பாரு, நைனா குச்சிட்டாரு." நைனாவின் டம்ளரில் இருந்தது டீ. நைனாக்கள் எவரும் இதை மறுக்கவுமில்லை, டம்ளரைச் சாய்த்துக் காட்டவுமில்லை. நான்காவது கலப்புப் பொய்: "தேன் போட்டுக்கீறேன்." தேனைக் கலக்க வேண்டியதில்லை, புட்டி டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தாலே போதும் என்கிறது ஒரு மரபு (கீழ்வீட்டு அத்தை, 'தேன் புட்டியும் தேனின்மையும்', மாடிப்படித் தொடர் சொற்பொழிவு, மூன்றாம் நாள், மின்வெட்டுக்குப் பிந்தைய பகுதி, முதலிரு நாள் உரைகள் மிக்சி இரைச்சலில் அழிந்தன, மருமகளின் மறுப்புரை மனத்தளவில் முழுமையடைந்துள்ளது, வாயளவில் இன்னும் வெளிவரவில்லை).

சர்ச்சைக்குரிய ஐந்தாவது, "குச்சா கமர்கட் வாங்கித் தரேன்" என்பது. இது பொய்யா என்பது சாயங்காலம்தான் தெரியும் ஆதலின் காலையில் வகைப்படுத்த இயலாது.

வயது ஏற ஏறப் பொய்யின் வீரியம் குறைகிறது. "கசக்காதுன்னா நீ குடி, பாக்கலாம்" என்றான் ஒரு பேரன். "எனுக்கு இன்னா ஜொரமா?" என்றார் ஆயா. இவ்விடையிலுள்ள தருக்கப் பிழையைத் தேடி ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறப்பதற்குள் டம்ளர் காலியாகிவிட்டது.

முன்னோர் அறியாதது எதுவுமில்லை என நிறுவுவோருக்கு ஓர் இடர். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சற்று நேரம் சர்க்கரை இனிக்காது. இனிப்பை இப்படி அடக்கும் இலையைக் காட்டிய ஆயாக்கள், கசப்பை அடக்கும் இலையைக் கேட்டபோது டம்ளரைத்தான் காட்டினார்கள். பெருமை பேசும் கட்டுரைகள் இவ்விடத்தில் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: ஆய்வாளர் ஒரு மடக்காவது குடித்துப் பார்த்தாரா? கேட்டுக்கொண்டே ஒரு டம்ளரை நகர்த்தி, தேன் கலந்திருப்பதாகவும் சொன்னார். புட்டி பக்கத்தில்தான் இருந்தது.