கொஞ்சம் கேமராவைப் பாருங்க பாட்டி

அக்டோபர் 1, சர்வதேச முதியோர் தினம். அன்றைக்குப் பதுளைப் பக்கத்து லயங்களில் இருக்கும் பாட்டிமார் சூதானமாக இருப்பது நல்லது. பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று எந்த மலையில் கிடந்தாலும் வேன் ஏறி வந்துவிடும். பேனர் வரும், பிரமுகர் வருவார், பேம்பர்ஸ் பொதியும் வரும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவளைத் தூக்கி நிமிர்த்தி, பொதியை மடியில் வைத்து, "கொஞ்சம் கேமராவைப் பாருங்க பாட்டி" என்பார்கள். காலமெல்லாம் கொழுந்தெடுத்தவளுக்கு இப்போது மூத்திரம் அடக்க முடியவில்லை என்ற சேதி, பொழுது சாய்வதற்குள் ஃபேஸ்புக்கில் ஏறி டோஹா வரை போகும். அங்கே அவளுடைய மகள், வேறு யாரோ ஒருத்தியின் தாயைக் கதவைச் சாத்திக்கொண்டு கழுவிவிட்டுக்கொண்டிருப்பாள்.

சட்டமெல்லாம் தாராளமாக இருக்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கவனிக்காமல் விடக்கூடாது என்கிறது, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். ஒருவரின் உடல்நலத் தகவலுக்குத் தனிக் காவல் வேண்டும் என்கிறது, 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கும் 9ஆம் இலக்கம்தான். எண்சோதிடக்காரர்கள் மெச்சக்கூடும்.

பிள்ளைகள் எங்கே ஐயா கைவிட்டார்கள்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. வெள்ளைக்காரன் கட்டினான், எழுபதுகளில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பெனிக்காரர்கள் கைக்குப் போனது. எஜமான் மாறினான், காம்பரா மாறவில்லை. மருமகள் ஆம்பிளைகளை இஸ்தோப்புக்கு விரட்டுகிறாள். கொடியில் பழைய சேலையை இழுத்துவிட்டு, பீலியிலிருந்து தூக்கிவந்த வாளித் தண்ணீரில் துணியை நனைக்கிறாள். "மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத் தொடடி" என்கிறாள் கிழவி. இவளும் திருப்பிக்கொள்கிறாள், கை மட்டும் இடம் தெரிந்து துடைக்கிறது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமல்ல இது.

அந்தச் சேலையைத்தான் வெளிச்சம் போதவில்லை என்று ஒதுக்கச் சொல்கிறார்கள், படமெடுக்க வந்தவர்கள்.

ஒரு கதவு வைத்துக் கொடுக்கலாம். காம்பராவோடு ஒட்டிக் குளியலறை ஒன்று கட்டிக் கொடுக்கலாம். ஆனால் சாத்திய கதவைப் படமெடுத்துப் போட்டால் யார் லைக் போடுவார்கள்?

பிரமுகர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முதியோர் தினத்தில் உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறோம். உங்கள் அம்மாவுக்குத் துணி மாற்றும் நேரத்தைச் சொல்லுங்கள். பேனர், பொதி, மாலை எல்லாம் எங்கள் செலவு. கதவை மட்டும் திறந்து வைத்தால் போதும்.