தோன்றா எழுவாயும் ஓயா மின்விசிறியும்

ஆளில்லாத அறையில் மின்விசிறி ஏன் ஓடுகிறது என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்டுவரும் விடை மறதி. இது ஏற்கத்தக்கதன்று. மறதிதான் காரணமென்றால், அதே அறையிலிருந்து கிளம்புகிறவர் செல்போனையும் அல்லவா மறந்திருக்க வேண்டும்? காரணம் இலக்கணத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. “நான் ஃபேனை ஓடவிட்டேன்” என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. “ஃபேன் ஓடுது” என்பார்கள். காவிரி ஓடுவதுபோல அது தானாக ஓடுகிறது (காவிரியே இப்போதெல்லாம் அப்படி ஓடுவதில்லை என்பது வேறு). நிறுத்தச் சொல்லும் கட்டளை இதைவிட மோசம். “ஃபேனை நிறுத்துங்கப்பா” என்று சமையலறையிலிருந்து வரும் வாக்கியத்தில் ‘நீங்கள்’ என்பது தோன்றா எழுவாய். கூடத்தில் நால்வர் இருந்தால், அந்தத் தோன்றாதவர் மற்ற மூவரில் ஒருவரே என்று நால்வரும் தனித்தனியாக முடிவுகட்டுகிறார்கள்.

இந்த இலக்கணச் சிக்கலுக்கு விலை உண்டு. சாதாரண கூரை விசிறி சுமார் 75 வாட். இராப்பகலாக ஓடினால் நாளுக்கு 1.8 யூனிட், ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்துக்கு, 60 நாள் கணக்கில், 108 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு அதே இரண்டு மாதத்தில் இலவசமாகக் கிடைப்பது 100. கொடை முழுவதையும் ஒற்றை விசிறியே தின்றுவிட்டு எட்டு யூனிட் கடனும் வைக்கிறது. சுமார் 30 வாட் இழுக்கும் பிஎல்டிசி விசிறி வாங்கினால் 108 என்பது 43 ஆகும். ஆள் இருக்கும் அறைக்கு அருமையான யோசனை. ஆளில்லாத அறைக்கு அது சிக்கனமான வீண். சுவிட்சுக்கோ ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது.

திரும்பி வரும்போது அறை குளுகுளுவென்று இருக்குமே என்பார்கள். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. தோலின் வியர்வையை ஆவியாக்கி உடம்பைத்தான் குளிர்விக்கிறது. வியர்க்க ஆளில்லாத இடத்தில், அது இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது; அறை இம்மியளவு சூடாகிறது. அடிக்கடி போட்டு நிறுத்தினால் கரண்ட் கூடுதலாகப் போகும் என்பதும் நிற்காது: கிளம்பும்போது கூடுதலாக இழுப்பது சில விநாடிகள் மட்டுமே. ஏசியை விட்டுவிட்டு விசிறியைப் பிடிப்பானேன் என்போர் சொல்வதில் நியாயம் இருக்கிறது; ஒன்றரை டன் ஏசி முழுமூச்சில் ஓடும்போது ஏறத்தாழ இருபது விசிறிகளுக்குச் சமம். ஆனால் ஏசியை நிறுத்த ஒருவர் ஓடி வருவார். அதற்கு எழுவாய் உண்டு: பில் கட்டுகிறவர்.

ஆகவே செலவில்லாத பரிகாரம் எட்டாம் வேற்றுமை. “செல்வி, ஃபேனை நிறுத்து” என்று விளித்துவிட்டால் எழுவாய் ஒளிய இடமில்லை. விளிக்கப்படுவது எப்போதும் மகளின் பெயராகவே இருக்கிறது, மகன்களின் பெயர்கள் இவ்வேற்றுமையை அரிதாகவே ஏற்கின்றன என்ற ஆட்சேபம் வலுவானது. அது இலக்கணத்தின் குற்றமன்று, வீட்டின் குற்றம். முறைவைத்து விளிக்கலாம். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே நிறுத்தும் கருவியை மாட்டலாம் என்பாரும் உளர். தாத்தா அசையாமல் தூங்கினால் அவரை ஆளில்லை என்று அது முடிவுகட்டிவிடும். துடைத்த தரை காய ஓடும் விசிறிக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம், ஆவியாக அங்கே ஈரம் உண்மையாகவே இருக்கிறது. தரை காய்ந்தபின் அதை நிறுத்த வேண்டியவர் யார் என்பது தனி ஆய்வுக்குரியது.